வாசலில் மூன்று பொட்டலம்

ஜெயஷீலா பையிலிருந்து மூன்றாவது பொட்டலத்தையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். வைத்த கையை முந்தானையில் துடைத்தாள். துடைத்த முந்தானையை உதறினாள். அதற்கப்புறமும் அந்தக் கையை உடம்பில் படாமல் தள்ளியே வைத்திருந்தாள்.

"இதைத் தூக்கிட்டு வந்ததுக்கே எனக்கு என்ன ஆகப்போவுதோ தெரியல சார்" என்றாள்.

தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்குப் போகிற தெருவில், பேட்டரிக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது தேவதாசனின் துப்பறியும் நிலையம். தேவதாசன் இருபத்திரண்டு வருடம் துறைமுகத்தில் சரக்கு எண்ணியவர். கப்பலிலிருந்து இறங்கிய மூட்டையில் எது குறைந்தது, எது மாறியது, யார் கை வைத்தது என்று பார்த்துப் பார்த்து, கடைசியில் அதையே தொழிலாக்கிக்கொண்டார். உதவிக்கு இசக்கிசெல்வி. வயது இருபத்தேழு. ஸ்கூட்டர் ஓட்டுவாள், போன் எடுப்பாள், படி ஏறி வருகிறவர்களுக்கு டீ வாங்கி வருவாள். அவளுடைய வாய் மட்டும் சம்பளம் இல்லாமல் கூடுதல் நேரம் வேலை பார்க்கும்.

ஜெயஷீலா சொன்ன கதை நீளம். சுருக்கிச் சொன்னால் இதுதான். அவள் இறால் கம்பெனியில் ஓடு உரிக்கிறவள். புருஷன் செல்வதுரை நிலக்கரி லாரி ஓட்டியவர்; உயிரோடு இல்லை. சொந்த வீடு என்று ஒன்று இருந்தது, பெருவெள்ளத்தில் போய்விட்டது. இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதற்கப்புறம் நாலு வாடகை வீடு மாறிவிட்டாள். இப்போது இருக்கிற வீட்டையும் வெள்ளிக்கிழமை காலி செய்ய வேண்டும். வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம். இன்று செவ்வாய்.

ஆறு ஞாயிற்றுக்கிழமை அலைந்து ஏழு மனைப்பிரிவு பார்த்திருக்கிறாள். ஒன்றில் பஸ் இல்லை. ஒன்றில் பள்ளிக்கூடம் இல்லை. ஒன்றில் ரோடே படத்தில் மட்டும்தான் இருந்தது. எட்டாவதாகப் பார்த்தது பவளம் கார்டன்ஸ். முப்பதடி ரோடு, இரண்டு பக்கமும் சாக்கடை, பூங்கா, வரிசையாக வேப்பங்கன்று. குழாயைத் திறந்து இரண்டு கை அள்ளிக் குடித்துப் பார்த்தாள். தண்ணீர் இனித்தது. நாற்பத்தொன்றாம் நம்பர் மனையைக் கேட்டுவிட்டாள். அங்கேயே ஒரு சின்ன வீடு கட்டித் தருகிற வரைக்கும் கம்பெனி ஷெட்டில் இருந்துகொள்ளலாம் என்றும் மேனேஜர் சொல்லியிருந்தார். நாளைக் காலை பதினோரு மணிக்குப் பத்திரப் பதிவு.

மனை கேட்ட ஐந்தாம் நாள் விடியற்காலை, வாசற்படியில் முதல் பொட்டலம். ஒருநாள் விட்டு இரண்டாவது. இன்றைக்கு மூன்றாவது. சின்ன மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல்.

"மேனேஜர் ஷாம்கிட்ட காட்டினேன். கார்னர் மனை மேல எவனோ கண்ணு வச்சிருக்கான், இது செய்வினைன்னு சொல்லிட்டாரு. சீக்கிரம் பதிஞ்சிருங்கன்னாரு." அவள் குரல் இறங்கியது. "வச்சது யாருன்னு மட்டும் சொல்லுங்க சார். கால்ல விழுந்தாவது கேட்டுக்கிடுதேன். என் புள்ளையள விட்டுருன்னு."

தேவதாசன் ஒரு பொட்டலத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் கவர். அடியில் ஒரு விரல் உயரம் கருங்களி. அதன்மேல் கல்லுப்பு. அதன்மேல் செம்மண். அமுக்கி அமுக்கிக் கட்டியிருந்தது. மற்ற இரண்டையும் பார்த்தார். அதே வரிசை, அதே அளவு.

"எலுமிச்சம்பழம் இல்ல, குங்குமம் இல்ல, ஒரு முடிகூட இல்ல" என்றாள் செல்வி. "செய்வினைக்காரன் புதுசு போலிருக்கு சார். இன்னும் டிரெய்னிங்ல இருக்கான்."

தேவதாசன் சிரிக்கவில்லை. பொட்டலம் வாசலில் எப்படிக் கிடந்தது என்று கேட்டார்.

கிடக்கவில்லை, நின்றது என்றாள் ஜெயஷீலா. சாயாதபடி இரண்டு பக்கமும் கல் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்ததாம்.

"பயமுறுத்த வந்தவன் எறிஞ்சிட்டு ஓடுவான். இவன் மண்ணு கலைஞ்சிரக் கூடாதுன்னு முட்டுக்கொடுத்து வச்சிட்டுப் போயிருக்கான்" என்றார் தேவதாசன். "இது மிரட்டல் இல்லம்மா. யாரோ உங்களுக்கு எதையோ காட்டுதான். நான் போன் பண்ணுற வரைக்கும் எந்தப் பேப்பர்லயும் கை வைக்காதீங்க."

"வைக்கலன்னா வெள்ளிக்கிழமை நான் எங்கன போவேன் சார்?"

 செல்வி ஒரு பொட்டலத்தை எடுத்துத் தன் கைப்பைக்குள் வைத்தாள்.

பொட்டலம் வர ஆரம்பித்தது மனை கேட்டதற்கு அப்புறம். அப்படியானால் வைத்தவனுக்கு மனை தெரியும். கையில் இருந்தது அந்த ஒரு நூல்தான். அதைப் பிடித்துக்கொண்டு இருவரும் பவளம் கார்டன்ஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை.

நிழல் என்று பார்த்தால் நுழைவாயில் வளைவுக்கு அடியில் மட்டும்தான் இருந்தது. உள்ளே கண் போகிற தூரம் வரை செம்மண். நிரவி, ரோலர் ஓட்டி, வெள்ளைக் கல் நட்டு, நம்பர் போட்டிருந்தது. வேலை செய்தவர்கள் நன்றாகத்தான் செய்திருந்தார்கள். இத்தனை மண்ணை இறக்கி நிரவ எத்தனை பேருடைய முதுகு போயிருக்கும் என்று பார்த்த உடனே தெரிந்தது. பத்தொன்பது மனை விற்றாகிவிட்டது என்று பலகை சொன்னது. ஒரு வீடுகூட எழும்பவில்லை.

வளைவை ஒட்டித் தகரக் கொட்டகை. அதுதான் காவலாளிக்கு வீடு. காக்கிச் சட்டை போட்ட ஒரு பெரியவர் எழுந்து வந்தார். பெயர் பிச்சையா. உள்ளே கட்டிலில் அவருடைய மனைவி படுத்திருந்தாள். எழுந்து நடக்க முடியாதவள் என்று பார்த்ததுமே தெரிந்தது. வளைவின் உச்சியில் ஒரு கேமரா அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மேனேஜர் வெளியே போயிருக்கிறார், மனை பார்ப்பதானால் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்றார் பிச்சையா. கேமராவைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

செல்விக்குத் தாகம். கொட்டகையிலிருந்து பத்தடி தூரத்தில் குழாய். 'சுவையான நிலத்தடி நீர்' என்று அதற்கும் ஒரு பலகை. திறந்தாள். காற்றுகூட வரவில்லை. மோட்டார் சாவி மேனேஜரிடம் இருக்கிறது என்றார் பெரியவர். பிறகு உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

தேவதாசன் அந்தச் செம்பைப் பார்க்கவில்லை. கொட்டகை மேல் சாய்ந்து நின்ற சைக்கிளைப் பார்த்தார். கேரியரில் இரண்டு பக்கமும் நீல நிறத் தண்ணீர்க் கேன் கட்டியிருந்தது. கயிறு இன்னும் ஈரம்.

"குடிதண்ணி எங்கேயிருந்து அண்ணாச்சி?"

டவுனில் இருந்து, ஒருநாள் விட்டு ஒருநாள், விடியற்காலையில் போய்ப் பிடித்து வருவேன் என்றார் பிச்சையா. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று யோசித்தவர்போல வாயை மூடிக்கொண்டார்.

"பத்தடியில இனிக்கிற தண்ணி. மனுஷன் எட்டு கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்காவ" என்று செல்வி தேவதாசன் காதில் முணுமுணுத்தாள். "ஒண்ணு இவிய உடம்பைக் குறைக்காவ. இல்லன்னா..."

"இல்லன்னா அது ஞாயிற்றுக்கிழமை மட்டும் இனிக்கிற தண்ணி" என்றார் தேவதாசன். பிறகு சத்தமாக, நாற்பத்தொன்றாம் மனையைக் காட்ட முடியுமா என்று கேட்டார். அது கடைசி வரிசை. கேமராவுக்கு எட்டாத தூரம்.

பிச்சையா கொஞ்சம் தயங்கிவிட்டு முன்னால் நடந்தார். ரோடு முடிகிற இடத்திலிருந்து வெறும் தரை. நாற்பத்தொன்றாம் கல் குறுக்காகக் கண்ணுக்கு நேரே தெரிந்தது. செல்வி அதைப் பார்த்து நேராக வெட்டி நடந்து, போய்ச் சேர்ந்து, கல்லின் மேல் உட்கார்ந்தும்விட்டாள்.

பெரியவர் அப்படி வரவில்லை. நேராக இருபதடி நடந்தார். நின்றார். வலது பக்கம் திரும்பினார். இன்னும் முப்பதடி. நின்றார். இடது பக்கம் திரும்பினார். ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதம் வைத்து, கைகளைக் கொஞ்சம் விரித்து, மேசை மாதிரி இருந்த வெட்டவெளியில் ஏதோ குறுகலான சுவர்மேல் நடக்கிறவர் மாதிரி வந்தார்.

"என்ன அண்ணாச்சி, தரையில கோலம் போட்டுட்டு வாரியளா?" என்றாள் செல்வி.

தேவதாசன் மட்டும் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வழுவழுவென்று வெளுத்துப்போன, ஓரமெல்லாம் வெடித்த பாதம். இந்தக் கடற்கரையில் அந்தப் பாதம் எங்கே வேலை பார்த்தது என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"எத்தனை வருஷம் உப்பளத்துல நின்னீய?"

பிச்சையா பாதங்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"பாத்திக்குள்ள கால் வச்சா படிஞ்ச உப்பு உடைஞ்சிரும். கங்காணி ஏசுவாரு. அதனால வரப்பு மேலேயேதான் நடக்கணும். நடந்து நடந்து காலுக்குப் பழகிப்போச்சு." தேவதாசன் குரலைத் தாழ்த்தினார். "உங்க காலு இன்னும் வரப்புலதான் நடக்குது அண்ணாச்சி. எந்த இடத்துல திரும்பணும்னுகூட அதுக்குத் தெரியுது. வரப்பைத்தான் செம்மண்ணு போட்டு மூடிட்டாவ."

செல்வி கல்லைவிட்டு எழுந்தாள். பக்கத்தில் நின்ற வேப்பங்கன்றைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். கன்று அவள் கையோடு வந்துவிட்டது. வேர் ஒரு சாண்கூட இறங்கவில்லை. நர்சரிக் கவரைக்கூடக் கிழிக்காமல் அப்படியே குழிக்குள் வைத்து மண்ணை மூடியிருந்தார்கள். குழியின் மேல்பக்கம் செம்மண். அதன்கீழ் வெள்ளையாக ஒரு கோடு. அடியில் கருங்களி, அதில் ஊறி நின்ற தண்ணீர்.

செல்வி விரலை விட்டு நாக்கில் வைத்தாள். துப்பினாள். கைப்பையிலிருந்த பொட்டலத்தை எடுத்துக் குழிக்குப் பக்கத்தில் பிடித்தாள். வரிசை மாறவில்லை.

"சார், அந்தப் பொட்டலம் இந்த மனையோட போட்டோ" என்றாள். முதல் தடவையாக அதில் கிண்டல் இல்லை.

பிச்சையா செம்மண்ணிலேயே குந்திவிட்டார். இது முன்னால் பிலோமின் உப்பளம், முப்பத்தொரு வருடம் இதே இடத்தில் உப்பு வாரினேன் என்றார். மழைக்காலத்தில் இந்தப் பக்கத்துத் தண்ணீர் முழுக்க இங்கேதான் வந்து இறங்கும், இடுப்பளவு நிற்கும். சனிக்கிழமை சாயங்காலம் லாரியில் தண்ணீர் வந்து பூமிக்கடியில் இருக்கிற தொட்டியில் நிரம்பும். ஞாயிற்றுக்கிழமை குழாயில் இனிக்கும். இதையெல்லாம் அவர் மெதுவாக, மூட்டையை ஒவ்வொன்றாக இறக்கி வைப்பது மாதிரி சொன்னார்.

யாரிடமும் சொல்லாமல் இருந்தவர் ஜெயஷீலா வாசலுக்கு மட்டும் ஏன் போனார் என்று தேவதாசன் கேட்டார்.

"வந்தவிய எல்லாரும் மேனேஜர் தம்பிகிட்ட கேப்பாவ. அந்தப் புள்ள மட்டும் என்கிட்ட வந்துச்சு. 'ராப்பகலா இங்கன இருக்கியளே அண்ணாச்சி, நான் புள்ளையளோட இங்கன வந்து இருக்கலாமா'ன்னு கேட்டுச்சு. தம்பி பக்கத்துல நின்னாரு." பெரியவர் தரையைப் பார்த்தார். "நான் தலையாட்டிட்டேன். அதை நம்பித்தான் அது மனையைக் கேட்டுச்சு."

வாயால் சொன்னால் வேலை போகும். வேலை போனால் கொட்டகை போகும். கட்டிலில் கிடக்கிறவளைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? எழுதிப் போடலாம் என்றால் எழுத்துத் தெரியாது. ஜெயஷீலாவின் வீடு தண்ணீர் பிடிக்கிற வழியில் இருந்தது; அவளை அந்த வாசலில் பார்த்திருக்கிறார். அதனால் மண்ணையே கட்டிக்கொண்டுபோய் வைத்தார். பார்த்ததும் புரிந்துகொள்வாள் என்று நினைத்தார். உப்பளத்தில் நின்றவர் யாராக இருந்தாலும் புரிந்துகொண்டிருப்பார். அவள் இறால் உரிக்கிறவள்.

அப்போது செல்வியின் போன் அடித்தது. ஜெயஷீலா. பேசி முடிப்பதற்குள் செல்வியின் முகம் மாறிவிட்டது.

மூன்றாவது பொட்டலம் வந்ததைக் கேட்டு ஷாம் பதிவை இன்றைக்கே மாற்றிவிட்டானாம். மூன்று மணிக்கு டோக்கன். நாலாவது விழுவதற்குள் முடித்துவிட வேண்டும், பிள்ளை உயிர் முக்கியம் இல்லையா என்று காரையே வீட்டுக்கு அனுப்பிவிட்டான். அவள் இப்போது பதிவு அலுவலகத்தில் இருக்கிறாள். செல்வி 'வேண்டாம்' என்று சொல்லி வாய் மூடுவதற்குள் யாரோ போனை வாங்கி அணைத்துவிட்டார்கள்.

பெரியவர் வைத்த எச்சரிக்கைதான் அவளை இழுத்துக்கொண்டு போய் அந்த மேசை முன்னால் நிறுத்தியிருந்தது.

"ரெண்டரைக்கு என்னைக் கூட்டிட்டுப் போக வண்டி வரும்னாவ" என்றார் பிச்சையா. "எதுக்குன்னு இப்பத்தான் தெரியுது. எல்லாப் பத்திரத்துக்கும் ரெண்டாவது சாட்சி நான்தான். கட்டைவிரல் வைப்பேன்."

மணி இரண்டேகால். தேவதாசன் ஸ்கூட்டர் சாவியை செல்வியிடம் நீட்டினார்.

"மூணு பேரா? போலீஸ் பிடிச்சா?"

"பிடிச்சா அந்தப் போலீஸையும் சாட்சிக்கு ஏத்திக்கோ."

பதிவு அலுவலகத்தில் பெஞ்சு நிறைய ஆட்கள். மூலையில் சார்பதிவாளர் மேசை. போட்டோ எடுத்தாகிவிட்டது. வங்கி டிமாண்ட் டிராப்ட் ஜெயஷீலாவின் கையில் இருந்தது. செல்வதுரை இறந்ததற்குக் கிடைத்த பணமும் அவள் உரித்த இறாலும் சேர்ந்த காகிதம். ஷாம் அவளுடைய கையை விரல்ரேகை எந்திரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க்கொண்டிருந்தான். வயது முப்பத்தைந்து இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை.

"சாட்சி வந்தாச்சு மேடம்" என்றான் ஷாம், வாசலில் பிச்சையாவைப் பார்த்துவிட்டு. பின்னால் நின்ற இருவரையும் அவன் கவனிக்கவில்லை.

சுவரோரமாக நடைபாதை விட்டிருந்தார்கள். நேராகப் போய்த் திரும்பி, மறுபடி திரும்பித்தான் மேசைக்குப் போக வேண்டும். எல்லாரும் அப்படித்தான் போனார்கள். பிச்சையா போகவில்லை. பெஞ்சுகளுக்கு நடுவே இறங்கினார். ஒருவருடைய பையைத் தாண்டினார். ஒரு குழந்தையின் காலைத் தாண்டினார். குறுக்காக, ஒரே கோடாக, ஜெயஷீலாவைப் பார்த்தபடியே நடந்து அவள் முன்னால் போய் நின்றார்.

"அன்னைக்கு நான் தலையாட்டினது பொய் தாயி" என்றார். "அது உப்பளம். மழைக்கு வீடு நிக்காது. பொட்டலம் வச்சது நான்தான்."

ஷாம் சிரித்தான். பெரியவருக்குக் கொஞ்சம் மனநிலை சரியில்லை என்றான். தேவதாசன் முன்னால் வந்து குழாயைப் பற்றிச் சொன்னார், வேப்பங்கன்றைப் பற்றிச் சொன்னார். செல்வி பிடுங்கிய கன்றைக் கவரோடு கொண்டுவந்திருந்தாள்; அதை மேசைமேல் வைத்தாள். சார்பதிவாளர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். பத்திரம் சரியாக இருக்கிறது, மண் எப்படி என்று கேட்கிற இடம் இது இல்லை, வாங்குகிறவர் இஷ்டம்தான் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

எல்லாரும் ஜெயஷீலாவைப் பார்த்தார்கள். அவள் பிச்சையாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு தடவை என் வாசலுக்கு வந்தியளே. ஒரு தடவை கதவைத் தட்டியிருக்கக் கூடாதா? என் புள்ளையக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு மூணு ராத்திரி தூங்காம கிடந்தேன்."

"தட்டினா நீ கதவத் திறப்பே. நான் வாயத் திறக்கணும்" என்றார் பெரியவர். "எனக்கும் ஒரு கூரைதான் இருக்கு தாயி."

 ஷாம் குனிந்து அவள் காதருகே பேசினான். முன்பணம் திரும்ப வராது. வேறு எந்த இடத்திலும் இந்த விலைக்கு மனை கிடையாது. வெள்ளிக்கிழமை இரண்டு பெண் பிள்ளைகளோடு தெருவில் நிற்பீர்கள். எல்லாமே உண்மை. அதனால்தான் அவன் அவ்வளவு மெதுவாகப் பேசினான்.

"தெருவுல நிக்கணும்னா நிக்கேன்" என்றாள் ஜெயஷீலா. "தண்ணிக்குள்ள நிக்கமாட்டேன். ஒருதடவை நின்னாச்சு."

டிராப்டை நாலாக மடித்தாள். ஜாக்கெட்டுக்குள் வைத்தாள். எழுந்தாள். பின்பெஞ்சில் அதே கம்பெனியின் பைலை மடியில் வைத்திருந்த ஒரு புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, அவர்களும் எழுந்தார்கள்.

ஷாம் யாரையும் திட்டவில்லை. போனை எடுத்து, கொட்டகையைக் காலி செய்து பூட்டுங்கள் என்று மட்டும் சொன்னான். பிச்சையாவுக்குக் கேட்கும்படியாகவே சொன்னான்.

வெளியே படிக்கட்டில் வெயில். பெரியவர் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். காக்கிச் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். ஒரு வழக்கைக் கண்டுபிடித்தால் தேவதாசன் வழக்கமாக ஒரு டீ சொல்லுவார். இன்றைக்குச் சொல்லவில்லை. காலையில் வீடில்லாமல் ஒருத்தி வந்தாள். சாயங்காலத்துக்குள் இரண்டு குடும்பத்துக்கு வீடில்லை. செல்வி ஸ்கூட்டர் கண்ணாடியைத் துடைத்தாள்.

ஜெயஷீலா படி இறங்கி வந்தாள். பெரியவரைத் தாண்டிப் போனாள். நாலு எட்டு போய் நின்றாள்.

"உங்க வீட்டுக்காரி அங்கன தனியாவா கிடக்காவ?" என்று திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

ஆமாம் என்றார் பிச்சையா.

"கட்டில் மடக்குற கட்டிலா?"

ஆமாம் என்றார்.

ஜெயஷீலா செல்வியிடம் போய், தெரிந்த ஆட்டோ யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்தாள். பிறகு பெரியவர் பக்கம் திரும்பினாள்.

"எந்திரிங்க அண்ணாச்சி. பூட்டுறதுக்குள்ள போவணும். இன்னைக்குச் செவ்வாய்தான. வெள்ளிக்கிழமை வரைக்கும் எனக்கு வீடு இருக்கு."